குடித்துவிட்டுச் சொன்ன சாட்சி

எங்கள் பழைய சபையின் போதகர் தெரிந்தே என்னைப் பொய் சொல்ல வைத்தார். குடித்தது நான். அதை அவர் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் நான் குடிக்கிறேன் என்று தெரிந்தும் "குடியை விட்டவன்" என்று என்னை மேடை ஏற்றியது அவர்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. நான் கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் மெக்கானிக். தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும், அப்போதுதான் இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்போம். வேலை முடிந்து இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் படகுக்காரர் மெக்கானிக் கையில் ஒரு பாட்டில் கொடுப்பார். எங்கள் பக்கம் அது மரியாதை. வேண்டாம் என்றால் அவர் முகம் சுருங்கிப்போகும். அப்படி மரியாதை வாங்கி வாங்கியே என் ஈரல் வீங்கியது. இனிமேல் தொட்டால் பிழைக்க மாட்டாய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாங்கள் சாமி கும்பிடுகிற மீனவக் குடும்பம். முதலில் என் மனைவிதான் ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். டாக்டர் சொன்ன பயத்தில் நானும் பின்னாலேயே போனேன். உபவாசம் இருந்தேன், அழுதேன், இயேசுவை நம்பினேன். அந்த நம்பிக்கையில் நடிப்பு இல்லை. பத்தொன்பது நாள் குடிக்கவில்லை.

இருபதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. போதகர் என்னைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னார். சபைக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன், கடவுள் நமக்குச் செய்ததை எல்லார் முன்பும் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. "பத்தொன்பது நாள்னு கணக்குச் சொல்லாதீங்க பிரதர். கர்த்தர் விடுதலை குடுத்துட்டாருன்னு முடிச்சிடுங்க" என்றார். முடித்தேன். கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே ஒரு படகில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. படகுக்காரர் பாட்டிலை நீட்டினார். வாங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மச்சான், "மைக்கு கையில இருக்கிற வரைக்கும்தான் கிளாஸ் இருக்காதா மச்சான்?" என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே குடித்தேன். அதற்கப்புறம் தினமும்.

போதகரிடம் மறைக்கவில்லை. நேரில் போய், திரும்பக் குடிக்கிறேன் என்று சொன்னேன். என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு, "பாவத்த அறிக்கை பண்ணிட்டீங்க, அதோட விடுங்க. வெளிய சொன்னா ஊழியத்துக்கு இடறல்" என்றார். மூன்று வாரம் கழித்துச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரிய கூட்டம் வைத்தார்கள். அதிலும் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். "ஐயா, நான் நிறுத்தலையே" என்றேன்.

"நோட்டீஸ்ல உங்க போட்டோ போட்டாச்சு பிரதர். விசுவாசத்தோட சொல்லுங்க, நடந்துடும்."

நான் மாட்டேன் என்றிருக்கலாம். சொல்லவில்லை. என் தப்பு அது.

கூட்டத்தன்றைக்குப் பகலிலேயே கை நடுக்கம் தாங்காமல் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டுத்தான் சிதம்பரம் பஸ் ஏறினேன். வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டேன். சாயங்காலம் மேடையில் ஏறி, குடி நாற்றமே எனக்கு ஆகவில்லை என்று பேசினேன். ஜனம் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது.

கீழே இறங்கியதும் ஒருத்தர் என்னைத் தேடி வந்தார். பெயின்டர். நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பெயின்ட். அவர் மனைவி நாலடி தள்ளி நின்றாள்.

"அண்ணே, விட்டா கை நடுங்குமே, அத எப்படிச் சமாளிச்சீங்க? எனக்குக் காலையில பிரஷ் புடிக்க முடியல. அதுக்காகவே குடிக்கிறேன்."

ஜெபம் பண்ணுங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகம் மாறியது. கிராம்பு ஊருக்குத் தெரியாமல் மறைக்கும், இன்னொரு குடிகாரன் மூக்கை ஏமாற்றாது.

"இன்னாண்ணே, இன்னைக்கே போட்டுட்டு வந்துருக்கீங்களே."

கத்தவில்லை, திட்டவும் இல்லை. திரும்பி மனைவியிடம், "வா, போலாம்" என்றார்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. இவரும் நம்ம ஆளுதான்."

என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள், ஒரு தடவை செருப்பாலும் அடி வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரி எதுவும் வலிக்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய் அந்த இரண்டு பேரையும் நிறுத்தினேன். "ஆமா, குடிச்சுட்டுதான் பேசுனேன். நான் விடவே இல்ல. எப்படி விடறதுன்னு எனக்கும் தெரியாது" என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்குய்யா மேடை ஏறுன? உன்னப் பாத்தாவது இந்த மனுஷன் திருந்துவாருன்னு வேலைய விட்டுட்டு இட்டாந்தேனே!"

 முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு இவர ஆஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போறேன். நீயும் வா. ஒண்டியா போனா ரெண்டு பேரும் ஓடி வந்துருவீங்க. ஜெபமும் பண்ணு, டாக்டர்கிட்டயும் காட்டு" என்றாள்.

அங்கேயே நின்று என் மனைவிக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு இன்னா மூக்கு இல்லயா? காலையில மாத்துத் துணி எடுத்துக்கினு வரேன் மாமா, அங்கேயே இருங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பெயின்டருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். முதல் மூன்று நாள் நரகம். வாந்தி, வியர்வை, சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரியும். மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். பெயின்டருக்கு ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, இன்னைக்குப் பொழுது தாண்ட வையும்" என்று நான் சொல்வேன். அவரும் அதையே சொல்வார். அவ்வளவுதான் எங்கள் ஜெபம். சபையில் முதல் சாட்சி சொன்ன நாளிலிருந்து என்னால் தனியாக ஜெபிக்கவே முடியாமல் இருந்தது. பொய்யை வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் ஒன்றும் வராது. உண்மையைச் சொன்ன பிறகு வந்தது. என் ஆண்டவர் எனக்கு விடுதலை கொடுத்த இடம் அந்த வார்டு, வாந்தி பக்கெட் பக்கத்தில். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளியே வந்ததும் சபைக்குப் போய் எழுந்து நின்றேன். "சிதம்பரத்துல நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தேன். போதகர் கையைக் காட்டினார். டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பாட்டும் ஆரம்பித்தது. அதற்கப்புறம் நாங்கள் அந்தச் சபைக்குப் போகவில்லை. மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு சின்ன ஜெபக்கூட்டம் இருக்கிறது, இருபது பேர், அங்கே போகிறோம்.

நடுவில் ஒரு தடவை திரும்பக் குடித்து விழுந்தேன். அன்றைக்கே பெயின்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அவர் இரண்டு தடவை விழுந்தார், அவரும் சொன்னார். இப்போது இரண்டு பேரும் குடிப்பதில்லை. தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசிக்கொள்கிறோம். படகுக்காரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாட்டில் கொடுப்பதாக இருந்தால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள் என்று. நான்கு பேர் போய்விட்டார்கள். போகட்டும்.

விழுந்ததைச் சொல்ல ஒரு ஆள் இருந்ததால்தான் நான் எழுந்தேன், அப்படி ஒரு ஆள் இல்லாமல் எத்தனை கைத்தட்டல் கிடைத்தாலும் செத்திருப்பேன் என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் கோபம் போகவில்லை. போன மாதம் எங்கள் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற ஒருவரை அதே போதகர் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார். அவர் குடியை விட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. போன வாரம் என்னிடம் வந்து, "அண்ணே, நான் தவறிட்டா யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டார். என் நம்பரைக் கொடுத்தேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, நீங்கள்தான், போதகர் ஐயா. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அவரும் சபையும் கேட்க, நீங்களே எழுந்து முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: சிதம்பரத்தில் என்னை மேடை ஏற்றிய அன்று, நான் குடித்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?