சனிக்கிழமை ஆறு மணி

கம்பெனி மாற்றுவதில் ஹில்க்காவை மிஞ்ச இஸால்மி ஊரில் இனிமேல்தான் ஒருத்தி பிறக்க வேண்டும். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். செல்போன் கம்பெனியை ஆறு முறை மாற்றியும் நம்பர் பழையதுதான். நம்பரைக் கூடவே கொண்டுபோகலாம் என்று சட்டம் போட்டவர்களை வாயார வாழ்த்துவாள். அங்கே மின்சாரம் விற்கவும் பல கம்பெனிகள்; அவற்றையும் அப்படித்தான் மாற்றினாள். வீட்டுக்கு வரும் மின்கம்பி மட்டும் ஒரே கம்பெனியின் கையில். அதைக் கண்காணிக்க அரசு அலுவலகம் இருந்தும் அவளுக்கு ஆத்திரம் தீரவில்லை. போட்டி இல்லாதவனுக்கு என்ன பயம் என்பாள். கணவர் உர்ஹோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார்.

போன இலையுதிர் காலத்தில், மணிக்கு மணி விலை மாறும் திட்டத்துக்குத் தாவினாள். மறுநாள் விலை மதியமே போனில் வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் துணி துவைப்பது, ரொட்டி சுடுவது எல்லாம். ஆனால் ஊரே சவுனா என்ற நீராவிக் குளியலறையில் உட்காரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விலை உச்சாணிக் கொம்பில் இருந்தது. தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்பும் கல், மின்சார அடுப்பில் சூடேறவே ஒரு மணி நேரம் ஆகும். எனவே சவுனாவை மலிவான நேரத்துக்குத் தள்ளினாள். ஒரு வாரம் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணி, மறு வாரம் செவ்வாய் மதியம்.

எதிர்வீட்டு சைமிக்குச் சொந்தமாகச் சவுனா கிடையாது. முப்பது வருஷமாகச் சனிக்கிழமை ஆறு மணிக்குத் துண்டோடு வந்துவிடுவாள். புருஷன் செத்த வாரமும் வந்து மேல்பலகையில் உட்கார்ந்து அழுதாள். ஹில்க்கா கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஹில்க்கா நேரத்தை மெசேஜில் அனுப்பினாள். இரண்டு முறை வந்த சைமி, மூன்றாம் முறை கால் வலி என்றாள். அதற்கப்புறம் பதிலே இல்லை. மின்கட்டணம் பாதியாகியும் ஹில்க்காவுக்குச் சந்தோஷமில்லை. தோழி கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயந்தே போனாள். ஒரு பொட்டலம் தொத்திறைச்சியோடு தெருவைத் தாண்டினாள்.

"என்னடி கோவம்? நேரத்தத்தான் சரியா சொல்லி அனுப்புறேனே."

சைமி காப்பி ஊற்றினாள்.

"கோவமெல்லாம் இல்லடி. கூப்பிட்டா வர்றவ விருந்தாளி. நான் கூப்பிடாமயே வந்துட்டிருந்தவ."

ஹில்க்காவுக்குச் சுருக்கென்றது. மூன்று கோப்பை காப்பி குடித்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும், எல்லா மணிக்கும் ஒரே விலை என்ற திட்டத்துக்கு எழுதிப் போட்டாள். அது விலை கூடுதல்.

"ஏறுன விலைக்கு மாறுறியே, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார் உர்ஹோ. அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் கழுவும் வேலை அவருக்கே வந்தது.

புதிய திட்டம் தொடங்கிய முதல் சனிக்கிழமை. ஹில்க்கா யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. ஐந்து மணிக்கே அடுப்பைப் போட்டு, சவுனா ஜன்னலில் விளக்கை வைத்துவிட்டு, எதிர்வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. மின்சாரம் விற்கிற பையன். வேறு நாளாக இருந்தால் அவனிடம் அரை மணி நேரம் பேரம் பேசியிருப்பாள். மணிக்கு மணி மாறும் திட்டத்துக்கு வந்தால் விலையை இன்னும் குறைக்கிறேன் என்று அவன் மூச்சுவிடாமல் அடுக்கினான்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தோளில் துண்டோடு சைமி பனியில் காலை ஊன்றி ஊன்றி வந்தாள்.

"வேணாம் தம்பி," என்றாள் ஹில்க்கா. "உங்கிட்ட ஆறு மணி மலிவா கிடைக்காது."