ஊரை அளந்த கோல்

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுத வராது. நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள்.

எழுபதுகளின் தொடக்கம். பென்னாகரம் பக்கம் எங்கள் ஊருக்குக் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகளை உட்கார வைத்து, மரக்கட்டை அடுக்கு, படத்தைச் சேர் என்று சோதித்தார்கள். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் மட்டும் விளையாட்டுப் பள்ளி திறந்தார்கள். அங்கே பொம்மை, பாட்டு, சுண்டல். எங்களுக்கு ஒன்றுமில்லை.

"எங்களுக்கு ஏனுங்க இல்ல?" என்று கேட்டேன்.

"ஒரு ஊருக்குக் கொடுத்து, ஒரு ஊருக்குக் கொடுக்காம இருந்தாத்தான் வித்தியாசம் தெரியும்மா" என்றார் வந்திருந்த அம்மா.

"அப்ப எங்க புள்ளைங்க உரம் போடாத வயலுங்களா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த ஊரில் மாமன், சித்தி இருந்தவர்கள் எல்லாம் சூட்டிகையான பிள்ளைகளாகப் பார்த்து அங்கே கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு அங்கே யாரும் இல்லை. ஐந்து வயதான என் மூத்த மகள், கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கேயே நின்றாள்.

அறுப்பு முடிந்ததும் மறுபடி சோதனை. எங்கள் ஊர் பின்தங்கிவிட்டதாம். அதைக் கேட்டு வந்த என் வீட்டுக்காரர், "மந்தம்னு காலேஜ்காரங்களே சொல்லிட்டாங்க. பள்ளிக்கூடம் எதுக்கு? ஆடு மேய்க்க அனுப்பு" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளை இழுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். அந்த அம்மா மூட்டை முடிச்சோடு நின்றிருந்தார்.

"சூட்டிகையான எங்க புள்ளைங்க எல்லாம் அந்த ஊருக் கணக்குல ஏறிடுச்சுங்க. மிச்சத்தை வச்சு எம் பொண்ண மந்தம்னா எப்படிங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "குழந்தைங்களச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சிருக்கணும்மா. எங்களால முடியல, ஊர் ஊராப் பிரிச்சோம். நீங்க சொல்றது எங்களுக்குத் தெரியாமப் போச்சு. எப்படியிருந்தாலும் இது ஊருக்குப் பார்த்தது, உங்க பொண்ணுக்கு இல்ல."

"அதை எங்க வூட்டுக்காரர்கிட்ட வந்து சொல்லுங்க."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர வரப்பில் என்னோடு, வீட்டுக்காரர் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் காட்டுக்கு நடந்தார். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர், "இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகள் மறுநாள் பள்ளிக்கூடம் போனாள்.

ஊரை அளந்த கோலைக் கொண்டு என் பிள்ளையை அளக்க வந்தார்களே என்ற எரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆனால் அந்த அம்மா விட்டுவிட்ட பஸ்ஸை நினைத்தால் கொஞ்சம் தணிகிறது.

இதை எழுதுகிறவள் அந்த மகளின் மகள்தான். எங்கே கண்ணு, ஒருக்கா படிச்சுக் காட்டு.