எச்சில் படாத ஓடுகள்

புனேயின் ஏரவாடாவிலிருந்து தினமும் பஸ் ஏறி, மகர்பட்டா பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்வருகிறாள் வனஜா. சல்லடை கழுவத்தான் சேர்த்தார்கள். பதினாறு வருஷம் ஆகிவிட்டது. கடலடி மண்ணில் கிடக்கும் கடுகைவிடச் சிறிய கடலுயிரி ஓடுகளை ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பதில் இன்று அங்கே அவளை மிஞ்ச ஆளில்லை. அந்த ஓடுகளின் வயதுதான் மண்ணடுக்கின் வயது. கடலடிப் பிளவு ஓர் அடுக்கை அறுத்திருந்தால், அந்த மண் படிந்த பிறகு பிளவு அசைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"கடலே இல்லாத ஊர்ல உக்காந்துகிட்டு கடலுக்கு ஜாதகம் எழுதறா" என்பான் கணவன் ஜெயசீலன், சாகண் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது.

இந்த முறை ஜாதகம் பிடிக்காமல் போய்விட்டது. கடலடியில் குழாய் பதிக்கவிருந்த கம்பெனி, பிளவு பன்னிரண்டாயிரம் வருஷமாக அசையவில்லை என்று நம்பியிருந்தது. அறுபட்ட அடுக்குக்கு வந்த வயதோ இரண்டாயிரத்துச் சொச்சம்.

மேலாளர் ராம்கி ஒரு தாளை நீட்டினார். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"வனஜாக்கா, ஒரு சைன். பிரஷ்ஷை நாக்குல தொட்டுட்டீங்க, எச்சில் கலந்து வயசு கம்மியாச்சுன்னு. பஸ், இத்னா ஹீ. அவ்ளோதான்."

ஓடுகளை எண்ணும் வேலை மட்டும் இருந்த காலத்தில் எல்லோரும் தூரிகை நுனியை நாக்கில் தொட்டுத்தான் கூராக்குவார்கள். வனஜாவும்தான். வயது பார்க்கும் வேலை வந்த அன்றே விட்டுவிட்டாள்; இன்றைய எச்சில் பட்டால் பழைய ஓடு இளையதாகக் காட்டும். கையெழுத்துப் போட்டால் அந்த வயது குப்பைக்குப் போகும். கூடவே அவள் கைக்கு இருந்த பெயரும்.

"முன்னாடி தொட்டேன், இல்லங்கல. இதுல தொடல. போடமாட்டேன்."

"வேலைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நான் இருக்கேன் நா."

"பத்தாயிரம் வருஷத்தை முழுங்கற எச்சிலா என் எச்சில்? அவ்ளோ சக்தி இருந்தா நான் ஏன் சார் நின்னுகிட்டே பஸ்ல வர்றேன்?"

பக்கத்து மேஜையில் எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மீதி மண்ணு ஃப்ரிட்ஜுல இருக்கு. மாஸ்க் போட்டு மறுபடி எடுக்கறேன். பக்கத்துல உக்காந்து பாருங்க."

ராம்கி உட்கார்ந்தார். அரை மணியில் கண் எரிந்து எழுந்துபோனார். அந்த நாற்காலியில் எஸ்தர் உட்கார்ந்தாள். மூன்று நாள் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டு, வனஜாவுக்கு வீட்டில் சப்பாத்தி தேய்க்கக்கூட முடியவில்லை.

ஐந்து வாரம் கழித்து அந்த ஓடுகளின் வயது வந்தது. முன்பு வந்ததற்கும் இதற்கும் முப்பது வருஷம்கூட வித்தியாசமில்லை. ராம்கி அவளிடம் கையெழுத்துக் கேட்ட தாளைக் கிழித்தார்.

"சரிக்கா. ரிப்போர்ட்ல இதுவே போகும்."

"என் பேரு எங்க?"

"ஓடு எடுக்கறவங்க பேரெல்லாம் போடறதில்லக்கா."

"தப்புன்னு எழுதுன தாள்ல இனிஷியலோட இருந்துச்சே?"

ராம்கி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். வனஜா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"பேரை அடிங்க சார். பாத்துட்டுத்தான் போவேன்."