நெரிடாவுக்கு வேண்டிய ஒரே ஓட்டு

வாயில் பட்டர்ஸ்காட்ச் மிட்டாயை அடக்கிக்கொண்டு நெரிடா தலையாட்டுகிறாள். அவளுடைய சமையலறை மேசையைச் சுற்றி ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், காற்றாலைகள் சுற்றுவதால்தான் தங்கள் ஊரான பெனம்பாவில் மழை இல்லை, அவை மேகத்தை ஊதிப் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளிவிடுகின்றன என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருக்கிறார். நெரிடாவின் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஆனால் மறுத்துப் பேசக்கூடாது. ஊர் மக்களை வீட்டுக்கு அழைக்க வேண்டும், தேநீர் கொடுக்க வேண்டும், நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். வாதாடக்கூடாது. தேர்தலுக்காகக் கூடிய ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இந்த விதியைப் போட்டார்கள். அதற்கு முதலில் கை தூக்கியவளும் அவள்தான்.

பிறந்தது முதல் யார் பேச்சையும் முழுசாகக் கேட்டுப் பழகாதவள். அதனால்தான் மிட்டாய். "கோவம் வந்தா ஒண்ணு. ரொம்பக் கோவம் வந்தா ரெண்டு" என்பாள். குளிர்காலம் முடிவதற்குள் கடைவாய்ப் பல் சொத்தை விழுந்தது. பல் டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே கருவியை வைத்துவிட்டு, வரிகளைப் பற்றித் தன் கருத்துகளை அரைமணி நேரம் சொன்னார். இதுவரை தான் நடத்தியதிலேயே ஒழுங்காக நடந்த கூட்டம் அதுதான் என்று நெரிடா பிறகு ஒத்துக்கொண்டாள்.

அவள் தொழில் செப்டிக் டேங்க் கழிவை உறிஞ்சி எடுப்பது. லாரியும் குழாயும் பம்பும் அவளுடையவை. கோதுமை வயல்களும் ஆட்டுப் பண்ணைகளுமாய்க் கிடக்கும் டாரல்கா தொகுதியில் அவள் போகாத வீடு இல்லை. வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால் லாரியின் டேங்க் மேல் ஏறி நின்றுதான் பேசுவாள். கீழே நின்றால் சிக்னல் கிடைக்காது. செல்போன் கோபுரம் வரும், வரும் என்று தொகுதியைப் பல வருஷமாகக் கையில் வைத்திருக்கும் பழைய கட்சியின் எம்.பி. ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மழையில் வழுக்கி அவள் டேங்கிலிருந்து கீழே விழுந்தாள். படுத்த வாக்கிலேயே அரசியலுக்கு வந்துவிட்டதாகச் சொல்வாள்.

வந்து சேர்ந்த இடம் கட்சி அல்ல. அதில் அவள் கண்டிப்பானவள். பரங்கிக்காய் நிறத்தில் டி-சர்ட் உண்டு, தொப்பி உண்டு, வேலிக்கு வேலி விளம்பரத் தட்டி உண்டு, வாரம் தவறாத கூட்டம் உண்டு, ரொவீனா என்ற ஊர் நர்ஸ் சுயேச்சை வேட்பாளராகவும் உண்டு. ஆனால் கட்சி இல்லை. நிறத்தை முடிவு செய்யவே ஒரு கோடைகாலம் ஆனது. நல்ல நிறங்களையெல்லாம் கட்சிகள் எடுத்துக்கொண்டிருந்தன.

"உங்க கட்சிக்காரங்க நேத்து வந்தாங்க" என்று யாராவது பேச்சோடு பேச்சாகச் சொன்னால், குழாயை மாட்டிக்கொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும்.

"கட்சி இல்ல."

"சரி, உங்க ஆளுங்க."

"அதுவும் இல்ல. நாமதான். நீங்களும் நானும்."

"நான் எதுலயும் சேரலையே?"

"சேர வேண்டாம். அதான் விஷயமே."

தப்பாகச் சொன்னவரைத் திருத்தாமல் விட்டால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் வராது.

ரொவீனாவின் பெரிய தட்டியை லாரியின் பின்பக்கம் மாட்டினாள். இளம் நர்ஸின் சிரித்த முகம், அதற்குக் கீழே வால்வு. சிலர் முகம் சுளித்தார்கள். நெரிடா மசியவில்லை. "ஒத்தை ரோடு. என் வண்டியைத் தாண்ட முடியாது. பின்னாடி வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிட்டாவது படிச்சுக்கிட்டே வந்துதான் ஆகணும்" என்றாள்.

ஒருமுறை பெட்ரோல் பங்கில் ஒருவர் லாரியைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன நெரிடா, உங்க கொள்கையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பழைய கட்சியோட வாக்குறுதி. போன வீட்ல நெறைய இருந்துச்சு, எடுத்துட்டு வர்றேன்."

பங்கே சிரித்தது. ஆனால் எதிராளியைத் தாழ்த்திப் பேசக்கூடாது என்பது இன்னொரு விதி. அன்று மாலையே நெரிடா, கூட்டங்களை நடத்தும் லாயிடின் வீட்டுக்குப் போய்த் தன்மேல் தானே புகார் கொடுத்தாள். ரிட்டயரான புவியியல் வாத்தியாரான லாயிட், இதை என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு ஒரு கேக் துண்டு கொடுத்து அனுப்பினார்.

தொகுதியின் மற்ற ஓட்டுகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் அவள் நிலை. அவளுக்கு வேண்டியது ஒரே ஓட்டு, அண்ணன் டெஸ்ஸின் ஓட்டு.

டெஸ் அடுத்த பண்ணையில் இருக்கிறான். மனைவி இறந்தபின் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். நாற்பது வருஷமாகப் பழைய கட்சிக்கு ஓட்டு. அங்கே ஓட்டுச்சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் ஒன்று, இரண்டு என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். சாவடி வாசலில் அந்தக் கட்சி கொடுக்கும் சீட்டை வாங்கி, அதில் இருக்கும் எண்களை அப்படியே ஓட்டுச்சீட்டில் இறக்கிவிட்டு, கட்டங்களுக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் வெளியே வந்து சாசேஜ் ரொட்டி தின்பான். இருவருக்கும் பொதுவான வேலியில் அவன் பக்கம் பழைய கட்சியின் தட்டி, இவள் பக்கம் ரொவீனாவின் தட்டி. முதுகோடு முதுகாகக் கட்டியிருந்தது. கம்பி ஒன்றுதான்.

"சொந்த அண்ணனையே மாத்த முடியலன்னா தொகுதியை எங்க மாத்தறது?" என்பாள். ஆனால் மாற்றக்கூடாது, கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் மிட்டாயைப் போட்டுக்கொண்டு டெஸ் பேசுவதைக் கேட்டாள். அவன் ரோட்டுப் பள்ளத்தைப் பற்றியும், ஆட்டுக்குட்டி விலையைப் பற்றியும், நாயின் காதுப் புண்ணைப் பற்றியும் பேசினான்.

"நீ ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கற? உடம்பு சரியில்லையா?"

"கேக்கறேன், டெஸ்."

"பயமா இருக்கு. பழையபடி கத்து."

இந்தச் சமயத்தில்தான் டெஸ்ஸின் டேங்க் நிறைந்தது.

இத்தனை வருஷமும் அண்ணன் வீட்டு டேங்கை அவள் இலவசமாகத்தான் எடுத்திருக்கிறாள். டெஸ் வழக்கம்போல் வேலியருகே வந்து, "நெரி, டேங்க் நெறஞ்சுருச்சு. லாரியை எடுத்துட்டு வா" என்றான்.

"இப்ப முடியாது. தேர்தல் முடியட்டும்."

"தேர்தலுக்கும் என் கக்கூஸுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஓசில செஞ்சா லஞ்சம்."

"நான் உன் அண்ணன்!"

"நீ வாக்காளர்."

டெஸ் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். சின்ன வயசில் அவள் மாட்டுத் தொட்டிக்குள் விழுந்து எழுந்து நின்றபோதும் அப்படித்தான் பார்த்திருக்கிறான்.

"மத்தவங்க மாதிரி காசு குடுத்தா எடுத்துத் தர்றேன், டெஸ்."

"கூடப் பொறந்தவளுக்குக் காசு குடுத்து டேங்க் எடுத்தேன்னு நாலு பேர் பேசணுமா? செத்தாலும் மாட்டேன்."

வேறு லாரிக்காரன் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தான். அவனைக் கூப்பிடுவது அதைவிடப் பெரிய அவமானம். டெஸ் திரும்பி நடந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. வறுத்த ஆட்டுத்தொடையை நெரிடா தனியாகவே வெட்டித் தனியாகவே தின்றாள்.

விஷயம் கூட்டத்துக்கு வந்தது. தலைவர் என்று யாரும் இல்லாததால் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். லாயிட் சுவரில் பெரிய காகிதத்தை ஒட்டி அதன் நடுவில் 'டெஸ் டேங்க்' என்று எழுதினார். பச்சைத் துண்டுக் காகிதத்தில் கருத்து, மஞ்சளில் மனவருத்தம். சீக்கிரமே சுவர் முழுக்க மஞ்சளாகிவிட்டது. "டெஸ்ஸோட எடத்துல இருந்து யாராச்சும் யோசிச்சீங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள். யோசித்தார்கள். பலர் மூக்கைத் தடவிக்கொண்டார்கள்.

கடைசியில் ரொவீனாவே எழுந்து, "நெரிடா, தயவுசெஞ்சு போய் எடுத்துக் குடுத்துருங்க. அவர் உங்க அண்ணன். இதை யாரும் லஞ்சம்னு சொல்ல மாட்டாங்க. நோய் வந்துரும், நான் நர்ஸா சொல்றேன்" என்றாள்.

"நீங்க வேட்பாளர். நீங்களா முடிவு சொல்லக்கூடாது. அது கட்சிங்க பண்ற வேலை."

ரொவீனா உட்கார்ந்துவிட்டாள். அன்று ஒருமனதாக முடிவானது, அடுத்த கூட்டத்துக்கு வேறு பிஸ்கட் வாங்குவது என்பது மட்டும்தான்.

பிரச்சாரம் சூடு பிடிக்கப் பிடிக்க டெஸ்ஸின் கொல்லையும் சூடு பிடித்தது. காலையில் அவன் ரப்பர் பூட்ஸும் மண்வெட்டியுமாக யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் போவதை நெரிடா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மிட்டாய் டப்பாவைத் தேடுவாள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் அவள் வீட்டுத் தேநீரிலும் அண்ணன் வாசனை. டெஸ்ஸின் நாய் பொறுக்க முடியாமல் வேலிக்கு அடியில் பள்ளம் பறித்து இவள் வீட்டுக்கே குடிவந்துவிட்டது. "கட்சி மாறின முதல் ஆளு" என்று தபால்காரர் சொன்னார்.

"கட்சி இல்ல" என்றாள் நெரிடா. குரலில் பழைய தெம்பு இல்லை.

தேர்தல் அன்று பள்ளிக்கூட வாசலில், பிரச்சாரத்துக்கான எல்லைக் கோட்டுக்கு ஒரு விரல்கடைகூட உள்ளே போகாமல், பரங்கிக்காய்த் தொப்பியோடு நின்றாள். பக்கத்தில் பழைய கட்சிக்காரர். இருவரும் ஒரே வெயில் களிம்பைத் தடவிக்கொண்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சீட்டைக் கொடுத்து, தொண்டை கட்டும்வரை ஒரே பாட்டு: "ரொவீனாவுக்கு ஒண்ணு. மத்தவங்களை உங்க இஷ்டப்படி வரிசைப்படுத்துங்க. ஆனா எல்லாக் கட்டத்துலயும் நம்பர் போடணும். வெறும் ஒண்ணு போட்டுட்டு மத்ததைக் காலியா விட்டா ஓட்டு செல்லாது!" காற்றாலைக்காரருக்கும் சொன்னாள். பல் டாக்டருக்கு இரண்டு தரம் சொன்னாள்.

மதியத்துக்கு மேல் டெஸ் வந்தான். சலவைச் சட்டை, அதே ரப்பர் பூட்ஸ். வரிசை தானாக விலகி அவனுக்கு வழிவிட்டது. பழைய கட்சிக்காரர் சீட்டை நீட்டி, "வாங்க டெஸ், வழக்கம்போல" என்றார். டெஸ் அவரைத் தாண்டினான். நெரிடாவும் நீட்டினாள். அவளையும் தாண்டினான். அவள் வாய் திறந்தது. அண்ணனிடம் மட்டும் ஓட்டைப் பற்றிப் பேசமாட்டேன், கேட்க மட்டுமே செய்வேன் என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி குறுக்கே வந்தது. வாய் மூடியது. அவன் உள்ளே போய்விட்டான்.

ஆறு மணிக்குக் கதவு சாத்தினார்கள். "வாங்க நெரிடா, மதுக்கடையில எல்லாரும் கூடியிருக்காங்க, ரிசல்ட் வரப்போகுது" என்று லாயிட் கூப்பிட்டார்.

"எனக்கு ஒரு வேலை இருக்கு. மணி ஆறு ஆயிருச்சு. இனி லஞ்சம் கெடையாது."

காலையிலேயே அவள் லாரியைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

டெஸ் கொல்லையில் டேங்க் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, அவள் வருவாள் என்று தெரிந்தவன்போல நின்றான். இருவரும் சேர்ந்து குழாயை இறக்கினார்கள். பம்ப் மெல்ல ஓடத் தொடங்கியது. லாரிக்குள் ரேடியோ, டாரல்காவில் ரொவீனாவுக்கும் பழைய கட்சிக்கும் ஏறக்குறைய சமம், ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"யாருக்குப் போட்டேன்னு கேக்க மாட்டியா?" என்றான் டெஸ்.

"கேக்கக் கூடாது. ரகசிய வாக்கெடுப்பு."

"உன் நர்ஸுக்குத்தான் போட்டேன்."

நெரிடா குழாயைப் பிடித்தபடி நின்றாள்.

"இத்தனை நாள் மண்வெட்டியோட அலைஞ்சப்ப யோசிச்சேன். சொந்த அண்ணன் நாறிக்கிட்டுக் கெடக்கான். அவன் ஓட்டுக்காகக்கூட இவ அசையல. அப்ப இந்தக் கூட்டம் நெசமாவே நேர்மையான கூட்டம்தான் போலன்னு. ரெண்டு பேர் சீட்டும் வேணாம்னுட்டு நானே என் கையால போட்டேன். நாப்பது வருஷத்துல மொதல் தடவை."

அவள் கண்கள் நிறைந்தன. காரணம் டேங்க் அல்ல.

"பெருசா, அழகா ஒரு ஒண்ணு போட்டேன். அவளுக்கு மட்டும். மத்தவனுங்க பேரையெல்லாம் படிச்சுப் பாத்தேன். ஒருத்தனுக்கும் ரெண்டாவது எடம் குடுக்க மனசு வரல, நெரி. அத்தனையும் காலியா விட்டுட்டேன்." டெஸ் பெருமையோடு நிமிர்ந்தான். "சரியாத்தானே போட்டிருக்கேன்?"

ரேடியோ மறுபடியும் ஒவ்வொரு ஓட்டும் என்றது.

நெரிடா பம்பின் விசையைக் கடைசிவரை தள்ளினாள். இரைச்சல் கொல்லையை நிறைத்தது. இனி யார் என்ன சொன்னாலும் கேட்காது. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, அண்ணனைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.