உஷாராணி முடித்த வாக்கியம்

உஷாராணி சம்பளம் வாங்குவது அடுத்தவர் பேச்சைத் தன் பேச்சு மாதிரிப் பேசுவதற்கு. நாடாளுமன்றத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, உறுப்பினர் ஹிந்தியில் பேசப் பேச அதே மூச்சில் தமிழில் சொல்லவேண்டும். 'அவர் சொல்கிறார்' என்ற பேச்சே அங்கே கிடையாது, எல்லாம் 'நான்'தான். ஆளுங்கட்சிக்காரர் எழுந்தால், "நாடு கடனில் மூழ்குவதை நான் அனுமதிக்க மாட்டேன்" என்பாள். எதிர்க்கட்சிக்காரர் எழுந்தால், "ஏழைக்குச் செலவழிக்காமல் மிச்சம்பிடித்து யாருக்கு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன்" என்று அதே வாயால் கேட்பாள். இரண்டு தரப்பும் நாற்காலி மாற்றிக்கொண்டால் வசனங்களையும் மாற்றிக்கொள்வார்கள் என்பது இத்தனை வருஷத்தில் அவள் கண்ட உண்மை. அதைச் சொல்ல மட்டும் அவளுக்குச் சம்பளம் இல்லை.

இந்த வேலையில் இன்னொரு தொல்லை உண்டு. ஆரம்பித்த வாக்கியத்தை உறுப்பினர்கள் ஒழுங்காக முடிக்கமாட்டார்கள். "இந்தக் கடனை நாங்கள்..." என்று ஒருவர் தொடங்குவார், எதிர்ப்பக்கத்தில் கூச்சல் எழும், அவர் அப்படியே நின்றுவிடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர் காதில் பாதி வாக்கியத்தைத் தொங்கவிட முடியுமா? ஆளின் முகத்தைப் பார்த்து, என்ன சொல்லவந்தார் என்று ஊகித்து, உஷாராணியே முடித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பினால் உடனே திருத்திச் சொல்லிவிடவேண்டும், அது கறாரான விதி.

வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு இரண்டு கட்சிதான். கணவர் கௌதமன் ஓர் அமைச்சகத்தில் செலவுக் கோப்புகளைப் பார்ப்பவர். 'இப்போதைக்கு வேண்டாம்' என்று எழுதி எழுதியே தலை நரைத்தவர். வரவுக்கு மேல் செலவழிக்கிற அரசாங்கம் உருப்படாது என்பார். அண்ணன் பரமசிவம் அதே தலைநகரில், ஓக்லா பகுதியில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறை நடத்துபவர். ஜனங்கள் கையில் காசு இல்லாத காலத்தில் அரசாங்கம் கடன்பட்டாவது செலவழித்தால்தான் நாலு பேருக்கு வேலை வரும் என்பார். ஆளுக்கொரு கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பட்ஜெட் நாளன்று சாயங்காலம் அண்ணனும் அண்ணி அருக்காணியும் கரோல் பாக்கில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தொண்டை கட்டிப்போய் வருகிற உஷாராணி கோழிக்குழம்பு வைப்பாள். குழம்பு தீர்கிற வரைக்கும் மச்சானும் மாப்பிள்ளையும் பற்றாக்குறையைப் பற்றிக் கத்துவார்கள். மற்றவர்களுக்குத் தீபாவளி எப்படியோ, இந்தக் குடும்பத்துக்கு அந்தச் சாயங்காலம் அப்படி.

ஊரடங்கு வந்து அதைக் கெடுத்தது. பட்டறை நின்றது, ஆட்கள் பீகாருக்கு நடையைக் கட்டினார்கள், பாங்க்காரர்கள் மட்டும் தவறாமல் போன் செய்தார்கள். அடுத்த பட்ஜெட் நாளன்று, கையில் சோற்றை வைத்துக்கொண்டு, அரசாங்கம் இன்னும் தாராளமாகச் செலவழித்திருக்கவேண்டும் என்று பரமசிவம் சொன்னார். கௌதமனுக்கு நாக்கில் சனி. "கடன்லயே காலம் ஓட்டறவங்களுக்கு எல்லாக் கடனும் நல்லதாத்தான் தெரியும்" என்றார். பரமசிவம் எழுந்து கையைக் கழுவினார். வாசல் தாண்டினவர்தான், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மனுஷன் ரோஷத்தில் இனிக் கடனே வாங்குவதில்லை என்று சபதம் போட்டார். அருக்காணியின் நகைகளை விற்றுப் பழைய பாக்கியை அடைத்தார். மெல்ல மெல்ல வியாபாரம் திரும்பியது. மிட்டாய்க் கடைக்காரர்கள் பெட்டி கேட்டு வாசலில் நின்றார்கள். புது மெஷின் ஒன்று போட்டால் பட்டறை தலைநிமிர்ந்துவிடும். பாங்க் மேனேஜரே கூப்பிட்டுக் கடன் தருகிறேன் என்றார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். இருந்த ஓட்டை மெஷினை வைத்துக்கொண்டு திணறி, கடைசியில் பட்டறையை மூடிவிட்டுக் கரூரில் அருக்காணியின் தம்பியுடைய குடோனைப் பார்த்துக்கொள்ளப் போவதாக முடிவெடுத்தார். அருக்காணிக்கு அதில் துளியும் இஷ்டமில்லை, ஆனால் அவள் பேச்சு எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு லாரி சொல்லியாகிவிட்டது.

செய்தி கேட்டதிலிருந்து உஷாராணிக்கு வேலை ஓடவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப்போன அண்ணன் அவர். இந்தப் பெரிய ஊரில் அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட அவர் ஒருவர்தான் மிச்சம். அவரும் போய்விட்டால் அவள் யாரிடம் போய் நிற்பாள்?

அந்த வருஷத்து பட்ஜெட் நாளன்று அருக்காணி ஒரே பிடியாக நின்றாள், சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று. பரமசிவம் வந்தார். மேஜையின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் கௌதமன். இருவரும் குழம்புச் சட்டியைப் பார்த்தார்களே தவிர, ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை கெளம்பறோம்னு மாப்பிள்ளகிட்டச் சொல்லு கண்ணு" என்றார் பரமசிவம்.

நாளெல்லாம் கூண்டில் கத்திவிட்டு வந்த உஷாராணி, யோசிக்காமலே கணவர் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழமை நான் கெளம்பறனுங்க மாப்பிள்ள" என்றாள். அருக்காணி களுக்கென்று சிரித்துவிட்டாள். ஆண்கள் இருவரும் சிரிக்கவில்லை. என்றாலும் அந்த ஏற்பாடு அவர்களுக்குச் சௌகரியமாகவே இருந்தது. முகம் பார்க்காமல் பேசலாமே. ஆர்டர் குவிந்து கிடக்கும்போது எதற்காக மூடுகிறார் என்று கௌதமன் கேட்கச் சொன்னார். அவளும் அண்ணனைப் பார்த்து, "எதுக்கு மூடறீங்க மச்சான், நான் கேக்கறேன்" என்றாள்.

பரமசிவம் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார். உஷாராணி வாய் வழியாக அது கௌதமனுக்கு இப்படி வந்து சேர்ந்தது:

"கடன்லயே காலம் ஓட்டறவன்னு எனக்குப் பேரு வெச்சீங்க. அந்தப் பேரோட இந்த ஊர்ல இருக்க முடியலீங்க."

கௌதமன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மச்சான் கட்சிச் சண்டையில் கோபித்துக்கொண்டு போனார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார் அவர். தான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒரு பட்டறையே மூடப்போகிறது என்பது இப்போதுதான் உறைத்தது. அந்த வார்த்தை மனைவியின் குரலில், தன்னை நேராகப் பார்த்து வந்தபோது, அவருக்குக் கேட்கவே சகிக்கவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார். நிறுத்திவிட்டார்.

பொதுவாகச் சொன்னது என்று வழுக்கியிருக்கலாம். உண்மைதானே என்றுகூட எகிறியிருக்கலாம், அந்த ஆளை நம்ப முடியாது. ஆனால் உஷாராணி அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது. அண்ணனைப் பார்த்து, "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க மச்சான். மன்னிச்சுக்குங்க" என்று முடித்துவிட்டாள்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தப்பாக முடித்துவிட்டுத் திருத்தாமல் விடுவது அவள் தொழிலில் மகா பாவம். உடனே கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அப்படிச் சொல்லலீங்க. நானா முடிச்சிட்டேன். தப்புன்னா சொல்லிருங்க, திருத்திடறேன்."

கௌதமன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இப்போது எழுந்து போனால் அது கடைசியாக எழுந்துபோவதாகத்தான் இருக்கும்.

"திருத்த வேண்டாம். சரியாத்தான் முடிச்சே" என்றார் கௌதமன். பிறகு தலைநிமிர்ந்து, நேராக மச்சானைப் பார்த்தார். "ஆர்டரக் கையில வெச்சுக்கிட்டுக் கடன் வாங்காம இருக்கறதுதான் தப்புங்க மச்சான். மெஷினப் போடுங்க, ஓடற ஓட்டத்துல கடன் தானா அடையும். திங்கக்கெழமை பாங்குக்கு நானும் வர்றேன்."

பரமசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கப் பார்த்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தபோது அவர் முகத்தில் பழைய வில்லங்கம் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ள, இதையேதான நான் கவர்மென்டுக்கும் சொன்னேன்?"

"அது வேறங்க, இது வேறங்க."

"எப்புடி வேற?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. வட்டி என்றார் ஒருவர், வேலைவாய்ப்பு என்றார் மற்றவர். ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் பாய்ந்தார். நடுவில் யாரும் உஷாராணியை எதையும் எடுத்துச் சொல்லச் சொல்லவில்லை. அவள் அண்ணன் தட்டில் ஒரு துண்டு கோழியை எடுத்து வைத்தாள். அவர் கவனிக்காமலே தின்றார்.

அருக்காணி யாரிடமும் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் லாரிக்காரனுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று ஹிந்தியில் சொன்னாள். வேறு எந்தத் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவன் கேட்டான். தேதி எதுவும் இல்லை, நாங்கள் போகவில்லை என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, தன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.