அக்காவின் அரைக்கண்

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருக்கிறார் அக்கா. எதிரே இரண்டு நாற்காலிகளில் ஒரு கணவனும் மனைவியும், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி. சூடேறிய கைகளை இருவர் தலைக்கும் மேலே, முடியில் படாமல் பிடித்து, "கண்ணை மூடுங்க. இனிமே நான் உங்க ஆழ்மனசுகிட்ட பேசுறேன். நீங்க குறுக்க பேசாதீங்க" என்கிறார்.

பிரியப்போகிறவர்களைச் சேர்த்துவைக்கப் பார்ப்பதுதான் அக்காவின் தொழில். பல் வைத்தியர் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. கீழே யந்திரம் கிர்ரென்று பல்லைக் குடையும்போது, "அமைதி உங்களுக்குள்ள எறங்குது" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்வார். அவருடைய வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். "ஷாக் அடிச்சா அதுக்குப் பேரு சக்தி. நீ தடவுறது வெறுங்காத்து" என்று சீண்டுவார். "வெறுங்காத்துக்கே ரெண்டு பேரு வாயை மூடிட்டு உக்கார்றாங்களே, உங்க கரண்ட்டால ஆகுமா?" என்பார் அக்கா. இந்த வம்பில் இருவருக்கும் அலாதிச் சந்தோஷம்.

அக்கா வெளியே சொல்லாத பழக்கம் ஒன்றுண்டு. ஆழ்மனதோடு பேசும்போது அரைக்கண்ணைத் திறந்து வைத்திருப்பார். கண்ணை மூடச் சொன்னால், யாராவது ஒருவர் மெல்லத் திறந்து பக்கத்து நாற்காலியைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டால் போதும், 'அடி சக்கை!' என்று அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

இன்று வந்திருப்பவர்கள் பஸ் ஓட்டுநரும் அவர் மனைவி தையல்காரம்மாவும். "இதோட கடைசிக்கா. வேற வீடு பாத்தாச்சு, அடுத்த மாசம் கெளம்புறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தையல்காரம்மா உட்கார்ந்தார். "போகட்டுமே, நான் என்ன கையைப் பிடிச்சா இழுத்தேன்?" என்றார் ஓட்டுநர். இப்போது இரண்டு பேரும் கண்ணை இறுக மூடியிருக்கிறார்கள். இமைகூட அசையவில்லை. இப்படி நல்ல பிள்ளைகளாகச் சொன்ன பேச்சைக் கேட்டால் உருப்பட்ட மாதிரிதான்! வந்தவர்களிலேயே இந்த இருவரை அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தையல்காரம்மாவுக்கு இருமல் வருகிறது. அடக்கப் பார்க்கிறார், அடங்கவில்லை. ஓட்டுநர் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய கை மட்டும் எழுந்து, முன்னால் இருக்கும் மேசையில் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறது. பாட்டில் ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால், சத்தமே இல்லாமல் அதை அந்தக் கைக்குள் தள்ளிவிடுகிறார்.