பட்டையக்காவின் பரீட்சை

வாத்தியக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் பட்டையக்கா. கேலிதான், ஆனால் காரணம் இல்லாத கேலி இல்லை. இசைத் தாளில் வால் முளைத்த சின்ன நோட்டுகளை இரண்டு இரண்டாகவோ மூன்று மூன்றாகவோ சேர்த்து ஒரு தடித்த கோடு இழுப்பார்கள், அதுதான் பட்டை. எந்த நோட்டை எதோடு கட்டுவது என்பதில் அவள் மகா பிடிவாதக்காரி. நோட்டு எழுதும் மென்பொருள் தானாகவே பட்டை போட்டுத் தரும். அவள் நம்பமாட்டாள். "அதுக்குக் கணக்குத் தெரியும், பாட்டு தெரியாது" என்பாள்.

வயது நாற்பத்தாறு. ஒரு காலத்தில் வயலின் வாசித்தாள், கடைசி வரிசையில், சுவரோரம். அப்பா போனதும் தம்பியைப் படிக்கவைக்க வேண்டி வந்தது. வயலின் பரண் ஏறியது. தம்பி இசையமைப்பாளன் ஆனான். அவனுக்குப் பியானோவில் விரல் பறக்கும், உட்கார்ந்து எழுதத்தான் பொறுமை கிடையாது. அவன் வாசித்துத் தள்ளியதையெல்லாம் பதினெட்டு வருடமாக இவள்தான் தாளில் கொண்டுவந்தாள். தாளின் தலையில் அவன் பெயர் மட்டும் இருக்கும். இவள் பெயரையும் போடலாமே என்று அவனுக்குத் தோன்றியதில்லை. கேட்க இவளுக்கு வாய் வந்ததில்லை.

இந்த வருடம் ஒரு பெரிய இசைக்குழு அவனுடைய படைப்பை எடுத்துக்கொண்டது. அதே குழுவின் நூலகத்தில், அறுபது பேருக்கும் தாள் தயார் செய்கிற வேலை ஒன்று காலியாக இருந்தது. குழுவைக் கையில் குச்சியோடு நடத்துகிற அம்மாள் அவளைக் கூப்பிட்டே சொன்னார்: "ஒத்திகைக்கு நீங்க எழுதின தாள் வரட்டும். அதுதான் உங்களுக்குப் பரீட்சை." தன் பெயரில் ஒரு மேசை, ஒரு நாற்காலி! இரண்டு வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படைப்பு ஏழு எண்ணிக்கையில் ஓடுவது. தகிட தக தக என்று மூன்றில் கிளம்பும். நடுவில் சில இடங்களில் தக தகிட தக என்று புரளும். மென்பொருளுக்கோ ஏழு என்றால் ஒரே பாடம்தான்: தக தக தகிட. ஏழு எண்ணிக்கைக்கு ஒரு கட்டமாக, முந்நூற்றுச் சொச்சம் கட்டங்களில் அது போட்ட பட்டைகளையெல்லாம் பிரித்து, வாத்தியம் வாத்தியமாக அவள் கையால் கட்டினாள். கண் எரிந்தது. மனசு குளிர்ந்திருந்தது.

ஒத்திகையன்று காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது தம்பி அவளுடைய கணினிமுன் உட்கார்ந்திருந்தான். அச்சுப்பொறி தாள்களைக் கக்கிக்கொண்டிருந்தது.

"பிரிண்ட் எடுத்துட்டேன்க்கா. கொஞ்சம் அழகும் பண்ணிட்டேன்."

தலைப்பில் தன் பெயரைப் பெரிதாக்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டு அவள் தலையைத் துவட்டப் போனாள். அங்கேதான் ஏமாந்தாள்.

ஒத்திகை நாலாவது கட்டத்திலேயே தடுக்கியது. வயலின்கள் ஓரிடத்தில் அழுத்தின. காதால் பாடம் பண்ணியிருந்த மேளக்காரர் வேறிடத்தில் அடித்தார். மறுபடி தொடங்கினார்கள், மறுபடி சறுக்கியது. மூன்றாம் முறை ஒரு குழல்காரர் சிரித்தேவிட்டார். அவள் பக்கத்து வாத்தியக்காரரின் தாளை எட்டிப் பார்த்தாள். தக தக தகிட, தக தக தகிட, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை. அவள் கட்டியது ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த அம்மாள் குச்சியைக் கீழே வைத்தார். "யார் இதை எழுதினது?"

"எங்கக்காதான்," என்றான் தம்பி. அவள் பக்கம் திரும்பவே இல்லை. "பாவம், ராப்பகலா எழுதினா. நான் ஒரு தடவை பார்த்திருக்கணும். என் தப்புதான் மேடம், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

அவள் வாயைத் திறந்தாள். அவன் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான், கண்ணாலேயே கெஞ்சினான். அறுபது பேர்முன் தம்பியைச் சந்தி சிரிக்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாழாய்ப்போன மனம். பென் டிரைவில் வைத்திருந்த முந்தின நாள் பிரதியை எடுத்து, நூலகத்து அச்சுப்பொறியில் அங்கேயே எல்லாருக்கும் புதுத்தாள் அடித்துக் கொடுத்தாள். இந்த முறை படைப்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. தம்பிக்குக் கைதட்டினார்கள்.

வேலையைப் பற்றி அம்மாள் தாழ்வாரத்தில் சொன்னார். "வேற ஒருத்தரைப் பார்த்துக்கறோம், தப்பா எடுத்துக்காதீங்க. ஆனா உங்க தம்பி உங்களை விட்டே கொடுக்கல பாருங்க. நீங்க கொடுத்து வச்சவங்க."

திரும்பும்போது தம்பிதான் காரை ஓட்டினான். பாதி வழியில் அவனாகவே ஆரம்பித்தான்.

"பட்டையெல்லாம் கோணல்மாணலா தெரிஞ்சுதுக்கா. மொத்தமா செலக்ட் பண்ணி, பழையபடி ஆக்குற பட்டனை அமுக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டேன், எல்லாம் சரியாத்தானே கேட்டுச்சு!"

கேட்கும். கணினி நோட்டை வாசிக்கும், பட்டையைப் பார்க்காது. பட்டையைப் பார்த்து எங்கே அழுத்துவது என்று முடிவு செய்கிறவன் மனிதன். பதினெட்டு வருடம் அவளுடைய தாளைத் தின்று வளர்ந்தவனுக்கு இது தெரியவில்லை.

"அங்கேயே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"என் முதல் பெரிய நிகழ்ச்சி, அக்கா. எப்படிச் சொல்றது?" கொஞ்ச தூரம் போனதும் லேசாகச் சிரித்தான். "ஒரு விதத்துல நல்லதுதான். நீ அங்க போயிட்டா எனக்கு யாரு எழுதுவா?"

"வண்டியை நிறுத்து."

அவள் இறங்கினாள், கதவைச் சாத்தினாள், வந்த திசையிலேயே நடக்கத் தொடங்கினாள். கடையில் ஏதோ வாங்கப் போகிறாள் என்று நினைத்து, அவன் வண்டியை அணைக்காமல் காத்திருந்தான்.